இன்ஜினுக்கும் ஒரு மகமை

நீராவி இன்ஜின் ஒன்று கொதித்து, புகைந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவதைக் காண வேண்டுமென்றால் விருதுநகர்க்காரர் இன்று மேட்டுப்பாளையத்துக்குத்தான் போக வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீராவி இன்ஜின் என்பது சினிமாவில் வரும் ஒன்று. அல்லது தீபாவளியன்று இரண்டு தூணுக்கு நடுவே நூல் கட்டி ஓடவிடும் ரயில் பட்டாசு. அவர்களுடைய தாத்தாக்களுக்கோ அது வீட்டுக் கடிகாரம். காலை வண்டி ஊதினால் பால் கறந்தாக வேண்டும். இரவு வண்டி போய்விட்டால் கடையடைக்கலாம். ஐம்பது அறுபது ஆண்டுகளில் இவ்வளவு பெரிய ஒரு பொருள் ஊரின் கண்ணிலிருந்தும் நினைவிலிருந்தும் நழுவிப் போயிருக்கிறது. இது யார் கவலை? யாருக்கும் தனியாக உரிய கவலை இல்லை என்பதால்தான் எல்லாருக்கும் உரிய கவலை என்று இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மேட்டுப்பாளையம் இன்ஜினைப் பார்ப்போம். அது பிழைத்த கதையில் நமக்கு வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

நீலகிரிக்கு ரயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கியது. மலை செங்குத்து. 12½ அடி தூரத்துக்கு ஓர் அடி ஏற்றம். வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் அங்கே வழுக்கிவிடும். சுவிட்சர்லாந்தின் மலை ரயில் வல்லுநர் ரிக்கன்பாக் 1880-களில் நேரில் வந்து பார்த்துப் போனார். முதலில் எடுத்து நடத்திய கம்பெனி நொடித்துப்போய், அதன்பின் வந்த கம்பெனி 1899-இல் குன்னூர் வரை வண்டியை ஏற்றியது. ஊட்டிக்கு வண்டி போனது 1908-இல். பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். இன்று நம் ஊர் வழியாக ஓடும் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். உலக வழக்கில் 1,435-க்குக் குறைந்ததெல்லாம் குறுகிய பாதைதான்.

1914 முதல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலையிலிருந்து எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் வந்து இறங்கின. 1925 வரை பன்னிரண்டு, 1952-இல் மேலும் ஐந்து. இந்த இன்ஜினின் கட்டுமானத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் பற்சக்கரங்கள் அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டு ஏறும். சமதரையில் ஓடும்போது வழக்கமான இரண்டு சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், அந்தச் சிலிண்டர்களில் வேலை செய்து முடித்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் வேறு இரண்டு சிலிண்டர்களுக்குத் திருப்பி, அதைக் கொண்டே பற்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். ஒருமுறை உழைத்த நீராவி இன்னொருமுறையும் உழைக்கிறது. இன்ஜின் எப்போதும் வண்டியின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். ஏற்றத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்தான். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் என்று 46 கிலோமீட்டர் கடந்து, 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு வண்டி போய்ச் சேர்கிறது.

இந்த இன்ஜின் பிழைத்தது எப்படி? கணக்குப் பார்த்திருந்தால் எப்போதோ உடைத்து விற்றிருப்பார்கள். ஊட்டிக்கு பஸ் பாதி நேரத்தில் போகிறது. ஆனாலும் பிழைத்தது. 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதற்கு வெகு முன்பிருந்தே குன்னூர் ஷெட்டில் மூன்று நான்கு தலைமுறைத் தொழிலாளர்கள் கடைக்குப் போனால் கிடைக்காத உதிரிப் பாகங்களைத் தங்கள் கையாலேயே செய்து பூட்டி வந்தார்கள். மண்சரிவில் பாதை புதையும் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் டிராக்மேன்கள் மழையில் நின்று மண்ணை அள்ளினார்கள். ரயிலை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் மலையில் இருப்பவர்களும் ரயில் ஆர்வலர்களும் குரல் கொடுத்தார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை இன்னும் ஒரு படி மேலே போனது. 2011 முதல் எண்ணெயில் எரியும் புதிய எக்ஸ் வகுப்பு இன்ஜின்களையும், 2021-இல் நிலக்கரியில் எரியும் ஒன்றையும் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களே கட்டி முடித்தார்கள். நூறாண்டுக்கு முன் சுவிட்சர்லாந்தில் செய்த இன்ஜினை இன்று நம் கையால் செய்ய முடிகிறது. அந்தக் கைப்பழக்கத்தை இடையில் அறுபடவிடாமல் காத்ததன் பலன் இது.

காப்பதற்கு யாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்திய ரயிலிலேயே உதாரணம் உண்டு. டார்ஜிலிங் மலைப் பாதை 610 மில்லிமீட்டர் மட்டுமே அகலமுள்ள பொம்மைப் பாதை. அதற்காக ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி 1889-இல் செய்தனுப்பிய 19-ஆம் எண் இன்ஜின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மலையில் உழைத்தது. பிறகு கழித்துக் கட்டப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் செல்வர் எலியட் டோனலி அதை வாங்கிக் கப்பலேற்றினார். பின்னர் இங்கிலாந்தில் சில்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்த ஏட்ரியன் ஷூட்டர் அதை வாங்கி, பழுது நீக்கி, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே பாதை போட்டு ஓடவிட்டார். அவர் 2022-இல் மறைந்தார். ஷூட்டரைப் போல ஒருவர் அக்கறைப்பட்டதால் அந்த இன்ஜின் உயிரோடு இருக்கிறது. அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் டார்ஜிலிங் தொழிலாளியின் பேரன் தன் பாட்டன் கரி போட்ட இன்ஜினைத் தொட்டுப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். ஒரு செல்வரின் விருப்பத்தை நம்பியிருக்கும் பாதுகாப்பு அவருடைய ஆயுளோடு கேள்விக்குறியாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான வழியை வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்வே காட்டியது. மலைக் கற்பலகைச் சுரங்கத்துக்காக 1860-களில் போட்ட சின்னப் பாதை அது. சுரங்கம் மூடிய பிறகும், தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் கைக்காசு போட்டு நடத்திவந்தார். 1950 ஜூலையில் அவர் இறந்தார். அந்த அக்டோபரில் எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். வந்தவர்கள் சாதாரண மனிதர்கள். உறுப்பினர் சந்தா வசூலித்தார்கள். விடுமுறைகளில் போய்ப் புல் வெட்டினார்கள், ஸ்லீப்பர் கட்டை மாற்றினார்கள். 1951 மே மாதம் வண்டியை ஓட்டியே விட்டார்கள். அப்போது ஓடக்கூடிய நிலையில் இருந்தது 1866-ஆம் ஆண்டின் டால்காக் என்ற ஒரே ஒரு கிழட்டு இன்ஜின். உலகில் தொண்டர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில்வே அதுதான், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சந்தா போட்டுப் பொதுக்காரியம் நடத்துவதை நமக்கு வேல்ஸ்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. விருதுநகர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தவர்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடியரிசியும் மகமையும் சேர்ந்துதான் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியை நடத்தின. காமராசர் படித்த பள்ளி அது. அன்றைக்கு அது ஒரு சமூகத்தின் ஏற்பாடாக இருந்தது. இன்றைக்கு ஊர் முழுவதற்குமான ஏற்பாடாக அதை விரித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ரயில் எல்லாச் சாதியையும் ஒரே பெட்டியில் ஏற்றிய வண்டி. அதற்கான மகமையும் எல்லாக் கையிலிருந்தும் வரட்டும்.

இந்த மாவட்டத்துக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1876-இல் மதுரை–தூத்துக்குடிப் பாதை வந்ததும் விருதுப்பட்டி சந்தைக்குப் பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் எல்லாம் வந்து குவிந்தன. 1923-இல் ஊர் விருதுநகர் ஆனது. 1922-இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது சிவகாசிக்கு ரயில் கிடையாது. தென்னிந்திய ரயில்வேயின் விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதை 1927-இல்தான் திறந்தது. தீப்பெட்டிக்குப் பின்னால் லேபிள் அச்சடிக்க லித்தோ அச்சகங்கள், அதற்குப் பின்னால் பட்டாசு, காலண்டர் என்று மழை பொய்த்த கரிசல் ஊர் தொழில் நகரமாக மாறிய காலமும் அந்தக் குறுகிய பாதையின் காலமும் ஒன்றே. சென்னையிலிருந்து கொல்லம் போகும் மெயில் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் செங்கோட்டை மலை ஏறியது. 1963-இல் அருப்புக்கோட்டைக்கும் பாதை வந்தது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் மீட்டர் கேஜ் பாதைகளை ஆண்டவை ஒய்.பி., ஒய்.ஜி. வகை இன்ஜின்கள். ஒய்.பி. பயணிகளுக்கு, ஒய்.ஜி. சரக்குக்கு. சித்தரஞ்சன் ஆலை கடைசி ஒய்.ஜி.யை 1972-இல் முடித்தபோது இந்திய ரயில்வே நீராவி இன்ஜின் கட்டுவதை நிறுத்திக்கொண்டது. டீசல் வந்தது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பாதை அகலமானது. 2010-இல் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையும் அடைபட்டு, 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தது. அகலப்பாதை நமக்கு வேண்டும். நாம் கேட்டு, போராடி வாங்கியது. அதை வரவேற்ற அதே கையால் பழையதில் ஒன்றை எடுத்துவைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து மாவட்டத்தில் இதைவிட மோசம். திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளைப் பக்கம் 1915 முதல் 1940 வரை இரண்டடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் ஓடியது. கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைக்காகப் போட்ட பாதை. அந்தத் தேரிக்காட்டில் ரயில் ஓடியது என்று சொன்னால் இன்று உள்ளூர்க்காரர்களிலேயே பலர் நம்பமாட்டார்கள்.

வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டையில் 2022-இல் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல் துண்டையும் கண்ணாடி மணியையும் தூரிகையால் தூசி தட்டி எடுத்து, எண் போட்டு, பெட்டியில் வைத்தார்கள். மாவட்டமே பெருமைப்படுகிறது, பெருமைப்பட வேண்டியதுதான். அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தின் பட்டாசு ஆலைகளைச் சுற்றி நீராவி ரயில் காலத்தின் ஐம்பது ஆண்டுப் பழமை, கண்ணெதிரே, கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டோக்கன் வளையம் என்று ஒன்று இருந்தது. பிரம்பு வளையம், அதன் அடியில் ஒரு தோல் பை, பைக்குள் இரும்பு உருண்டை. அந்த உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் ஒற்றைத் தடத்தில் அடுத்த நிலையத்துக்கு வண்டியை எடுக்கக்கூடாது. நிற்காத வண்டியிலிருந்து ஃபயர்மேன் ஒரு கையை நீட்டி, பிளாட்பாரத்தில் நிற்பவர் தூக்கிப்பிடித்த வளையத்தைத் தோளில் வாங்குவார். வாங்கி வாங்கித் தோள் காய்த்துப் போனவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இவர்கள் போன பிறகு இந்த வேலையை யாரிடம் கேட்பது?

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடித்த பட்டாசு ஆலையில் 40 உயிர்கள் வரை போயின. அதற்கு முன்னும் பின்னும் வெடிகள் நின்றபாடில்லை. கை கருகிய பெண்களும் தாயை இழந்த பிள்ளைகளும் இருக்கும் மண்ணில் பழைய இரும்பைப் பற்றிப் பேசலாமா? உயிருக்கு முன்னால் இன்ஜின் ஒன்றுமே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ஆலைப் பாதுகாப்புக்கே ஒவ்வொரு ரூபாயும் போக வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே குணத்திலிருந்து வருபவை என்பது என் உறுதியான எண்ணம்.

நீராவி இன்ஜினின் ஃபுட்பிளேட்டில், அதாவது டிரைவர் நிற்கும் தளத்தில், நின்று பாருங்கள். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் கூரை பழுத்து, பாய்லர் வெடிக்கும். தண்ணீர் எவ்வளவு என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. கண்ணாடி காட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஃபயர்மேன் நல்ல ஃபயர்மேன் இல்லை. அடியில் உள்ள திருகைத் திறந்து குழாயைக் காலி செய்து, மறுபடி தண்ணீர் சட்டென்று ஏறுகிறதா என்று பார்ப்பார். அடைப்பு இருந்தால் கண்ணாடி பொய் சொல்லும். இவ்வளவும் தவறினால் கடைசிக் காவலாகக் கூரையில் ஓர் ஈயத் திருகு. சூடு மீறினால் ஈயம் உருகி, ஓட்டை விழுந்து, நீராவி சீறி இறங்கி அபாயத்தை அறிவிக்கும். ஒரு காவல் தவறினால் இன்னொன்று, அதுவும் தவறினால் மற்றொன்று. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து, எந்த நேரத்தில் கலவை, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்று வைத்திருக்கும் விதிகளும் இதே வகைக் காவல்கள்தான். உள்குத்தகை விட்டு, மர நிழலில் உட்காரவைத்து, அளவுக்கு மீறி மருந்தைக் குவிக்கும்போது ஒவ்வொரு காவலாகக் கழற்றி எறிகிறோம். ஒரு பாய்லரின் அருகே பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி இதை விளக்கிச் சொல்ல முடிந்தால், பாதுகாப்பு என்ற சொல் அவர்களுக்குச் சுவரில் எழுதிய வாசகமாக இருக்காது. நாளைய ஃபோர்மேன்களும் ஆலை முதலாளிகளும் அந்தப் பிள்ளைகளில்தான் இருக்கிறார்கள்.

பட்டாசுக்கும் பயணிகள் ரயிலுக்கும் ஆகாது என்பதும் அங்கேயே சொல்ல வேண்டிய பாடம். தீபாவளிக்கு ஊர் திரும்புகிறவர்கள் பைக்குள் ஒளித்து எடுத்துப்போகும் பட்டாசுக்கு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. தண்டனை இருக்கட்டும்; ஒரு பெட்டியில் இருக்கும் எல்லாருடைய உயிரையும் நம் மடியில் வைத்திருக்கிறோம் என்பது தெரிந்தால் போதும்.

என்ன செய்யலாம்? பழைய மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின் ஒன்றை விருதுநகரிலோ சிவகாசியிலோ வைக்கத் தரும்படி மதுரை ரயில்வே கோட்டத்திடம் ஊர் சேர்ந்து கேட்க வேண்டும். அதை மறுபடி ஓட்டும் ஆசை வேண்டாம். மீட்டர் கேஜ் தண்டவாளமே இங்கே இல்லை. நிற்கும் இன்ஜினாக இருந்தாலும் பராமரிக்கப்படும் இன்ஜினாக இருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் மேடை கட்டி நிறுத்தி, திறப்பு விழா அன்று கறுப்புப் பெயின்ட் அடித்து, அதோடு மறந்துவிட்ட இன்ஜின்கள் நாடு முழுக்க நிற்கின்றன. தண்ணீர் தேங்கும் இடத்திலெல்லாம் துரு தின்கிறது. பித்தளையும் செம்பும் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகின்றன. பழைய பாய்லர்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் பொதிந்திருப்பதுண்டு. தகுந்த ஆட்களைக் கொண்டு அதைப் பார்த்த பின்பே பிள்ளைகளை அருகில் விட வேண்டும். ஆகவே கூரை முதலில், இன்ஜின் பிறகு. வருடாவருடம் எண்ணெய் போட, துரு சுரண்ட, காவல் வைக்க ஒரு நிதி முதலிலேயே இருக்க வேண்டும்.

அந்த நிதியில்தான் ஒவ்வொருவர் பங்கும் வருகிறது. ரயில்வே இன்ஜினையும் தொழில் அறிவையும் தரட்டும். இடமும் கூரையும் காவலும் நகராட்சி, மாநகராட்சியின் பங்கு. பெரிய கம்பெனிகளின் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்கு என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. பாரம்பரியப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் ஆலைகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வராத சிறிய ஆலைகள். சட்டம் கேட்காவிட்டால் என்ன, மகமை கேட்கிறது. அச்சகங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பம் வெளியிடுகின்றன. ஓர் ஆண்டின் பன்னிரண்டு தாள்களில் நம் பாதையின் கதை வரட்டும். சாமி படமும் குழந்தைப் படமும் மறு ஆண்டு திரும்பி வரும். பாலிடெக்னிக் மாணவர்கள் இன்ஜினின் ஒவ்வொரு உறுப்பையும் வரைந்து தமிழில் பெயரெழுதலாம். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் வாரம் ஒரு நாள் வந்து நின்றால் போதும்; அவர்கள் பேசுவதை யாராவது செல்போனிலாவது பதிவு செய்யட்டும். நாட்டின் கூட்டுப் பண்பாட்டுச் செல்வத்தைப் பேணுவது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 1976 முதல் அரசியலமைப்பின் 51அ பிரிவில் இருக்கிறது. அந்தக் கடமையை இத்தனை பேருக்குப் பிரித்தால் ஒருவர் தலையிலும் பாரம் ஏறாது.

ரயில்வேயின் சொத்து, நமக்கென்ன என்று ஊர் சொல்கிறது. கழித்த சரக்கு, எங்களுக்கென்ன என்று அலுவலகம் சொல்கிறது. அரசு செய்யட்டும் என்று தொழிலும், பணக்காரர் செய்யட்டும் என்று மக்களும் சொல்கிறார்கள். இப்படி ஆளுக்கு ஆள் கைகாட்டிய இடைவெளியில்தான் இத்தனையும் போய்விட்டது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஏற்றினால் எல்லாரும்தான் ஏற வேண்டும்.

இன்ஜின் கேட்டு மனு எழுதி, கோப்பு நகர்ந்து, கூரை எழும்ப வருடங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று இந்த வாரமே இருக்கிறது. உங்கள் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் இருந்திருந்தால், அவருடைய பித்தளை வில்லை, கைவிளக்கு, பாஸ், இன்ஜின் முன் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், எதையும் எடைக்குப் போடாதீர்கள். படத்தின் பின்னால் அவர் பெயரையும் எந்த நிலையம், எந்த ஆண்டு என்பதையும் பென்சிலால் எழுதிவையுங்கள். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.